மாங்கூழ் ஆலையின் 11 கேவி பேனலில் நியூமெரிக்கல் ரிலே பொருத்தும் முறை

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துபவருக்கு ஆண்டின் மின்செலவில் பெரும்பகுதி மே முதல் ஆகஸ்ட் வரையிலான சில மாதங்களில் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் வாசலில் லாரியில் நிற்கும் தோத்தாபுரி அழுகத் தொடங்கிவிடும். எனவே உயர் அழுத்த பேனலில் உள்ள பழைய ரிலேயை, அதாவது பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவியை, மாற்றும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஓய்வுக் காலத்தில் செய்வதே முறை. இந்தக் கட்டுரை, வட்டத்தகடு சுழலும் பழைய ஓவர்கரண்ட் (மிகை மின்னோட்ட) ரிலேயை எடுத்துவிட்டு, அதே வி.சி.பி. (வெற்றிட சர்க்யூட் பிரேக்கர்) பேனலில், எண்முறையில் கணக்கிடும் நியூமெரிக்கல் ஓவர்கரண்ட், எர்த் ஃபால்ட் (நிலக்கசிவு) ரிலேயைப் பொருத்தும் வேலையை வரிசையாக விளக்குகிறது. ஓசூர் சிப்காட்டில் உள்ள பட்டறைக்கும் தருமபுரியில் உள்ள கிரானைட் ஆலைக்கும் இதே முறைதான் பொருந்தும்.

ரிலே பெட்டியைத் துளையில் நுழைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்குவது அரை நாள் வேலை. ஆனால் சி.டி.யில் (மின்னோட்டத்தை அளவாகக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தொடங்கி, ரிலே வழியாக, பேட்டரியைத் தொட்டு, பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் காயிலில் முடியும் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி விட்டுப்போனாலும், விலையுயர்ந்த ரிலே பழுதைச் சரியாகக் கண்டுபிடித்து, திரையில் காட்டி, பதிவும் செய்துவிட்டு, பிரேக்கரை மட்டும் திறக்காமல் நிற்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சங்கிலி முழுமையாக இருக்கிறதா என்பதையே சோதித்துக்கொண்டு போக வேண்டும்.

இது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் செய்ய வேண்டிய வேலை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் உயர் அழுத்த நிறுவல்களுக்குப் பொருந்தும் என்பதால், மாற்றத்தை மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். மின்வாரியம் சீல் வைத்த மீட்டரிங் கியூபிக்கிளைத் தொடவே கூடாது. ரிலேக்கு வேண்டிய மின்னோட்டம் உங்கள் வி.சி.பி. பேனலுக்குள் இருக்கும் பாதுகாப்பு சி.டி.யிலிருந்தே வர வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பேனலின் டி.சி. மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சிறிய ஆலைகளில் 24 அல்லது 30 வோல்ட் பவர் பேக் இருக்கும். பெரிய ஆலைகளில் 110 வோல்ட் பேட்டரியும் சார்ஜரும் இருக்கும். ஒரே மாதிரி ரிலேயைத் தயாரிப்பாளர்கள் குறைந்த டி.சி.க்கு ஒன்று, உயர்ந்த டி.சி.க்கு ஒன்று என இரண்டு வகையாக விற்பதுண்டு. 110 வோல்ட்டுக்கான ரிலேயை 30 வோல்ட் பேனலில் மாட்டினால் அது உயிர் பெறாது. ஆர்டர் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த வேறுபாடு வந்துவிடும். எனவே பெட்டியைப் பிரித்ததும் பின்புறப் பெயர்ப்பலகையைப் படித்து, பேனல் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து சி.டி.யின் பெயர்ப்பலகை. விகிதம், வகுப்பு, விஏ (தாங்கும் சுமை அளவு) ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 100/1, 5பி20 என்றிருந்தால், மதிப்பிட்ட சுமை அளவு இணைந்திருக்கும்போது அது தன் முதன்மை மின்னோட்டத்தின் 20 மடங்கு வரை 5 விழுக்காட்டுக்கு மிகாத பிழையோடு வேலை செய்யும் என்று பொருள். இரண்டாம் நிலை 1 ஆம்பியரா 5 ஆம்பியரா என்பதும் முக்கியம், ஏனெனில் பல ரிலேக்களில் இரண்டுக்கும் தனித்தனி டெர்மினல் இருக்கும். கம்பியின் இழப்பும் இதைப் பொறுத்து மாறும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.5 ஓம் தடை உண்டு, சி.டி.க்கும் ரிலேக்கும் இடையே போக வர 20 மீட்டர் கம்பி ஓடினால் 0.15 ஓம் ஆகிறது. 1 ஆம்பியர் சி.டி.யில் இதன் சுமை 0.15 விஏ. அதே கம்பி 5 ஆம்பியர் சி.டி.யில் 3.75 விஏ சுமையாகிவிடும். புதிதாக சி.டி. வாங்கும் நிலை வந்தால் 1 ஆம்பியரையே தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எல்.சி. எடுத்தல்

மின்வாரியத்திடம் முறைப்படி எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை அணைத்து வேலை செய்யும் அனுமதி) பெற்று, இரட்டைக் கம்ப டி.பி. ஸ்ட்ரக்சரில் உள்ள ஏ.பி. சுவிட்சை (காற்றில் திறக்கும் கைச் சுவிட்ச்) திறந்து, கைப்பிடியைப் பூட்டி, சாவியை வேலை முடியும் வரை மேற்பார்வையாளரே வைத்துக்கொள்ள வேண்டும். வி.சி.பி.யை டெஸ்ட் நிலைக்கு இழுத்து, மின்சாரம் இல்லை என்பதை டிடெக்டரால் உறுதி செய்த பிறகு, டிஸ்சார்ஜ் ராடால் மூன்று ஃபேஸ்களையும் எர்த் செய்யுங்கள். இரண்டு பின்வழிகள் பலருக்கு மறந்துபோகும். ஆலையின் ஜெனரேட்டர் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 433 வோல்ட் பக்கத்திலிருந்து மேலே 11 கேவி வரும், பி.டி.யின் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் அளவி டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டாம் நிலையில் யாராவது சோதனைக்காக 110 வோல்ட் கொடுத்தாலும் முதன்மையில் உயர் அழுத்தம் தோன்றும். எல்.டி. (433 வோல்ட், தாழ்வழுத்த) பக்கத்து மெயின் ஏ.சி.பி.யையும் (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) பூட்டி, பி.டி. ஃபியூஸ்களையும் கழற்றி வைத்த பிறகே பேனல் கதவைத் திறக்க வேண்டும்.

சி.டி. கம்பியைத் தொடுவதற்கு முன் அதன் இரண்டாம் நிலையை ஷார்ட்டிங் லிங்க் போட்டு மூடிவிட வேண்டும். முதன்மையில் மின்னோட்டம் ஓடும்போது இரண்டாம் நிலை திறந்தால், அந்த மின்னோட்டம் முழுவதும் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கச் செலவாகி, திறந்த முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் எழும், சி.டி.யின் காப்பும் கெடும். இப்போது லைன் செத்திருக்கிறது, ஆகவே ஷார்ட் தேவையில்லை என்று நினைப்பது தவறு. ஷார்ட் செய்துவிட்டுப் பிரிப்பதும், இணைத்துவிட்டு ஷார்ட்டை எடுப்பதும் கைக்குப் பழகிவிட்டால், லைன் உயிரோடு இருக்கும் ஒரு நாளில் அந்தப் பழக்கமே உயிரைக் காக்கும்.

பெட்டியைப் பொருத்துதல்

பழைய ரிலேயின் ஒவ்வொரு கம்பியையும் கழற்றும் முன் ஃபெருல் (கம்பி நுனியில் மாட்டிய அடையாள வளையம்) எண்ணையும் டெர்மினல் எண்ணையும் எழுதி, கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்கரண்ட் சி.டி. கம்பிகளின் ஃபெருல் பெரும்பாலும் 'சி' எழுத்தில் தொடங்கும், டி.சி. சப்ளை 'ஜே'வில், ட்ரிப் மற்றும் குளோஸ் கம்பிகள் 'கே'யில், அலாரம் 'எல்'லில். புதிய வேலையிலும் இதே எழுத்துகளைத் தொடர்ந்தால், பத்து ஆண்டு கழித்து வரும் ஒயர்மேனும் வரைபடம் இல்லாமலேயே புரிந்துகொள்வார்.

புதிய ரிலேயின் துளை பழையதைவிடச் சிறியதாகவே இருக்கும். கதவில் பழைய துளையை மூடும் அளவுக்கு 2 மி.மீ. தகட்டில் ஓர் அடாப்டர் தகடு வெட்டி, அதில் ரிலே கையேட்டில் உள்ள அளவுப்படி துளையிடுவதே சரியான வழி. துளையிடும் வேலையைப் பேனலுக்கு வெளியே செய்யுங்கள். ஜிக் சாவிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் டெர்மினல்களுக்கு இடையே விழுந்தால் எப்போது ஷார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமர் பூசுங்கள். கூழ் ஆலையின் நீராவியில் பூச்சில்லாத விளிம்பு ஒரே சீசனில் துருவேறும். திரை கண் மட்டத்தில் இருந்தால் பழுது நேரத்தில் குனிந்து படிக்க வேண்டியிருக்காது. கதவு முழுதாகத் திறந்து மூடும்போது கம்பிக்கட்டு இழுபடாத அளவுக்கு, கீல் பக்கத்தில் ஒரு வளைவு விட்டுச் சுருள் உறை போடுங்கள்.

ரிலேயின் எர்த் ஸ்க்ரூவிலிருந்து பேனலின் எர்த் பட்டைக்குத் தனிக் கம்பி நேராகப் போக வேண்டும். பக்கத்து மீட்டரின் எர்த்தைத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது. கேபிள் நுழையும் துளைகளை கிளாண்டாலும் அடைப்புப் பசையாலும் முழுவதும் அடைத்துவிடுங்கள். இனிப்புப் பசையும் வெப்பமும் இருக்கும் இடத்தில் எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும். பஸ்பார் அறைக்குள் போன ஒரு பல்லி 11 கேவியில் ஃபிளாஷ் ஓவர் உண்டாக்கப் போதுமானது.

கம்பி இணைப்பு

சி.டி. சுற்றுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் வளைய லக்கும் மட்டுமே பயன்படுத்துங்கள். ஃபோர்க் லக் ஸ்க்ரூ தளர்ந்தால் கழன்று சுற்றைத் திறந்துவிடும். வளைய லக் ஸ்க்ரூவையே விட்டு வெளியே வராது. கிரிம்ப் செய்ததும் ஒவ்வொரு கம்பியையும் கையால் ஒருமுறை அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். சி.டி.யின் ஸ்டார் முனையை ஒரே ஓர் இடத்தில், பேனல் டெர்மினல் பிளாக்கில், எர்த் செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் எர்த் இருந்தால் பழுது நேரத்தில் அவற்றுக்கிடையே ஓடும் மின்னோட்டம் எர்த் ஃபால்ட் உறுப்பைக் குழப்பும்.

சி.டி.யின் முதன்மை முனைகள் பி1, பி2; இரண்டாம் நிலை முனைகள் எஸ்1, எஸ்2. மூன்று சி.டி.களின் எஸ்1 முனைகள் ரிலேயின் மூன்று ஃபேஸ் உள்ளீடுகளுக்கும் போகும். அந்த உள்ளீடுகளின் மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்து, நான்காவது உள்ளீடான நியூட்ரல் வழியாகச் சி.டி.களின் பொது எஸ்2-க்குத் திருப்ப வேண்டும். மூன்று மின்னோட்டங்களும் சமமாக இருந்தால் நியூட்ரலில் சுழியம் வரும். ஒரே ஒரு சி.டி. தலைகீழாக இருந்தால், சுழியத்துக்குப் பதில் ஃபேஸ் மின்னோட்டத்தின் இரு மடங்கு நியூட்ரலில் ஓடி, சுமை சற்று ஏறியதுமே எர்த் ஃபால்ட் என்று பிரேக்கர் விழும். எர்த்தில் பழுதைத் தேடி ஆலையே அலைந்துகொண்டிருக்க, காரணம் பேனலுக்குள் இடம் மாறிய இரண்டு கம்பிகளாக இருக்கும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு சி.டி.க்கும் ஒரு சின்ன பேட்டரியாலும் முள் இருபுறமும் ஆடும் மீட்டராலும் துருவச் சோதனை செய்யுங்கள். பேட்டரியின் நேர்முனையைப் பி1-இலும் எதிர்முனையைப் பி2-இலும், மீட்டரின் நேர்முனையை எஸ்1-இலும் எதிர்முனையை எஸ்2-இலும் வைத்து, பேட்டரியைத் தொட்ட கணத்தில் முள் நேர்த்திசையில் துள்ள வேண்டும்; எடுத்த கணத்தில் எதிர்த்திசையில் துள்ள வேண்டும்.

ட்ரிப் சுற்றில், டி.சி. நேர்முனையிலிருந்து ரிலேயின் ட்ரிப் காண்டாக்ட், அங்கிருந்து பிரேக்கரின் துணைக் காண்டாக்ட், பிறகு ட்ரிப் காயில், கடைசியில் எதிர்முனை என வரிசை அமைய வேண்டும். பிரேக்கர் மூடியிருக்கும்போது மூடியும், திறந்ததும் திறந்தும் இருக்கும் அந்தத் துணைக் காண்டாக்டை யாரும் விட்டுவிடக் கூடாது. ரிலேயின் காண்டாக்ட் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் வலிமை உள்ளது. காயிலின் மின்னோட்டத்தை வெட்டும் வலிமை அதற்கு இல்லை. அந்த வெட்டும் வேலையைத் துணைக் காண்டாக்ட் செய்கிறது. அது இல்லாமல் போனால் ரிலே காண்டாக்ட் கருகும், அல்லது காயில் எரியும். பேனலில் மாஸ்டர் ட்ரிப் ரிலே, அதாவது 86, இருந்தால் ட்ரிப் கட்டளை அதன் வழியாகவே போகட்டும். கையால் ரீசெட் செய்யாமல் யாரும் மீண்டும் பிரேக்கரை மூட முடியாது. ரிலேயின் வாட்ச்டாக் காண்டாக்டை ஒரு மணியுடனோ விளக்குடனோ இணைத்துவிடுங்கள். ரிலே செத்துவிட்டது என்பதை ஆலைக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமைப்பு மதிப்புகள்

1000 கேவிஏ, 11/0.433 கேவி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச்சுமை மின்னோட்டம் 11 கேவி பக்கத்தில் 52.5 ஆம்பியர். சி.டி. 100/1. ஓவர்கரண்ட் தொடங்கும் மதிப்பை முழுச்சுமையின் 1.2 மடங்காக, 63 ஆம்பியரில் வைத்தால், ரிலேயில் அது 0.63. டிரான்ஸ்ஃபார்மரின் இம்பிடன்ஸ் 5 விழுக்காடு என்றால், எல்.டி. பஸ்பாரில் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகும்போது 11 கேவி பக்கத்தில் அதிகபட்சம் 1050 ஆம்பியர், அதாவது அமைத்த மதிப்பின் ஏறத்தாழ 16.7 மடங்கு ஓடும். மின்னோட்டம் ஏற ஏற ட்ரிப் நேரம் குறையும் நார்மல் இன்வர்ஸ் வளைவில், அந்த நேரத்தைப் பெருக்கும் டைம் மல்டிப்ளையர் 1 எனில் அதற்கு 2.42 வினாடி ஆகும், 0.2 எனில் 0.48 வினாடி. எல்.டி. ஏ.சி.பி. 0.2 வினாடிக்குள் திறந்துவிடும்படி அமைந்திருந்தால் இது போதுமான இடைவெளி.

உடனடி ட்ரிப்பை, அதாவது 50 என்ற உறுப்பை, அந்த 1050 ஆம்பியருக்கு மேல் 1.3 மடங்கில், 1365 ஆம்பியரில் வைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரைப் போடும்போது எழும் இன்ரஷ் மின்னோட்டம் முழுச்சுமையின் 8 முதல் 12 மடங்கு வரை போகலாம். 12 மடங்கே 630 ஆம்பியர் என்பதால் அதையும் இந்த மதிப்பு தாண்டி நிற்கிறது. ஆனால் உங்கள் ஆலை நீண்ட கிராமப்புற ஃபீடரின் கடைக்கோடியில் இருந்தால், 11 கேவி ஷார்ட்டிலேயே ஓடும் மின்னோட்டம் குறைவாக இருக்கும், அப்போது 1365 என்ற மதிப்பு என்றுமே எட்டப்படாத எண்ணாகிவிடும். உங்கள் இடத்தின் ஷார்ட் சர்க்யூட் அளவையும், துணைமின் நிலையத்தில் உங்கள் ஃபீடரின் ரிலே அமைப்பையும் மின்வாரியத்தின் எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனை) பிரிவிடம் கேட்டுப் பெற்ற பிறகே மதிப்புகளை முடிவு செய்யுங்கள். உங்கள் ரிலேக்கும் அவர்களுடைய ரிலேக்கும் இடையே குறைந்தது 0.3 வினாடி இருக்க வேண்டும். இல்லையெனில் உங்கள் ஆலையின் பழுதுக்காக ஃபீடரில் உள்ள ஊர்களுக்கெல்லாம் மின்சாரம் போகும்.

எர்த் ஃபால்ட்டுக்கு நம் மாவட்டங்களின் நிலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சற்றுத் தோண்டினாலே பாறை வரும் மண்ணில் எர்த் பிட்டின் தடை கோடையில் ஏறிவிடும், அதனால் 11 கேவி பக்கத்தில் ஒரு ஃபேஸ் நிலத்தைத் தொட்டாலும் ஓடும் மின்னோட்டம் சிறியதாகவே இருக்கலாம். எனவே எர்த் ஃபால்ட்டை சி.டி. மதிப்பின் 10 முதல் 20 விழுக்காட்டில், தாழ்வாக வைப்பதே பொருத்தம். டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் எல்.டி. பக்கத்து எர்த் ஃபால்ட் 11 கேவி பக்கத்தில் நியூட்ரல் மின்னோட்டமாகத் தெரியாது. ஆகவே கீழே உள்ள பிரேக்கர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இன்ரஷின்போது சி.டி.களின் உள்ளகங்கள் காந்தத்தால் சமமில்லாமல் நிறைந்து போலி நியூட்ரல் மின்னோட்டம் காட்டக்கூடும் என்பதால் மட்டும் சிறிய தாமதம் ஒன்று வையுங்கள். எர்த் பிட்டின் தடையை மழைக்காலத்தில் அளந்து நிம்மதியடையாமல் மார்ச், ஏப்ரலில் அளந்து பாருங்கள்.

சோதனை

கட்டுப்பாட்டுக் கம்பிகளை 500 வோல்ட் மெக்கரால் (காப்புத் தடை அளக்கும் கருவி) சோதிக்கும் முன் ரிலேயைப் பிரித்துவிட வேண்டும். அதன்பின், சி.டி.யை விட்டு ரிலேக்கு நேரடியாக மின்னோட்டம் செலுத்தும் செகண்டரி இன்ஜெக்ஷன் கிட்டால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் மின்னோட்டம் கொடுங்கள். மேலே சொன்ன அமைப்பில் 0.63 ஆம்பியரைச் சற்றுத் தாண்டியதும் ரிலே விழிக்க வேண்டும்; 1.26 ஆம்பியரில் சுமார் 2 வினாடியிலும், 3.15 ஆம்பியரில் 0.86 வினாடியிலும், 6.3 ஆம்பியரில் 0.59 வினாடியிலும் ட்ரிப் ஆக வேண்டும். ஒரு ஃபேஸில் மட்டும் மின்னோட்டம் கொடுக்கும்போது அது நியூட்ரல் உள்ளீடு வழியாகவும் திரும்பும் என்பதால் எர்த் ஃபால்ட் முந்திக்கொள்ளும். அந்த உறுப்பைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு ஓவர்கரண்ட்டைச் சோதித்து, மறக்காமல் திரும்ப இயக்குங்கள். அணைத்ததையும் இயக்கியதையும் சோதனைத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

இந்தச் சோதனைகளில் ஒன்றையாவது டெஸ்ட் நிலையில் உள்ள பிரேக்கரை மூடி வைத்து, ரிலே தானே அதைத் திறக்கும்படி செய்யுங்கள். ட்ரிப் காயில் டி.சி.யின் 70 விழுக்காட்டிலும் இயங்க வேண்டும் என்பது விதி: 110 வோல்ட்டுக்கு 77, 30 வோல்ட்டுக்கு 21. மாறும் டி.சி. சப்ளை கையில் இருந்தால் அந்தக் குறைந்த மின்னழுத்தத்திலும் ஒருமுறை ட்ரிப் செய்து பாருங்கள். சார்ஜரின் ஏ.சி.யை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் ட்ரிப் செய்து பார்ப்பது இன்னும் முக்கியம். நிஜமான ஷார்ட் நேரத்தில் ஏ.சி. மின்னழுத்தம் சரிந்துவிடும், அப்போது பிரேக்கரைத் திறக்கும் வலிமை பேட்டரியிடம் மட்டுமே இருக்கும். வோல்ட்மீட்டரின் முள் ஆடுகிறதே என்று நம்பி, செத்த பேட்டரியோடு நிற்கும் பவர் பேக்குகள் ஏராளம்.

எல்லாம் சரியானதும் ஷார்ட்டிங் லிங்குகளை எடுத்து, எர்த்தை அகற்றி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்து லைனைப் போடலாம். ரிலேயின் கடவுச்சொல்லைத் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றி, அமைப்பு மதிப்புகளின் தாளைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

மாங்கூழ் ஆலைகளில் இதற்குப் பிறகும் ஒரு வேலை மீதியிருக்கும். ஓய்வுக் காலத்தில் ஆலையின் சுமை விளக்குகளும் ஒன்றிரண்டு மோட்டார்களுமாக இருப்பதால், 100/1 சி.டி.யில் ஓடும் மின்னோட்டம் ரிலே திரையில் நம்பத்தக்க எண்ணாகத் தெரியாது. சி.டி. தலைகீழாக இருந்தாலும் அப்போது வெளியே வராது. ஆகவே முடிந்தால் ஓய்வுக் காலத்திலேயே பிரைமரி இன்ஜெக்ஷன் கருவியை வாடகைக்கு எடுத்து, மூன்று சி.டி.களிலும் 50 ஆம்பியராவது செலுத்தி, ரிலேயில் 0.5 வருகிறதா என்று பாருங்கள். சீசன் தொடங்கி, பல்ப்பரும் குளிர்சாதனக் கம்ப்ரசர்களும் சேர்ந்து ஓடும் முதல் வாரத்தில், ரிலே காட்டும் மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களையும் எல்.டி. பக்கத்து க்ளாம்ப் மீட்டர் அளவோடு விகிதப்படி ஒப்பிட்டு, நியூட்ரல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஃபேஸ் மின்னோட்டத்தில் சில விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் எர்த் ஃபால்ட் அமைப்பை உயர்த்திச் சமாளிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்.சி. எடுத்துச் சி.டி. கம்பிகளையே மறுபடி பாருங்கள்.